பான்ஜோ தாத்தாவும் பின்னால் பறக்கும் விண்கலமும்

நரைத்த தாடி, தலையில் தொப்பி, தோளில் வார் மாட்டிய பண்ணைக்காரர் உடை. அமெரிக்கக் கிராமியப் பாட்டுக்கு மீட்டும் பான்ஜோவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் லயித்து வாசிக்கிறார். சற்று உற்றுப் பார்த்தால்தான் அவருக்குப் பின்னால் ஒரு விண்கலம் பறப்பது தெரியும். 1992-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த 'ஃபாலங்க்ஸ்' என்ற சூப்பர் நின்டெண்டோ விளையாட்டின் பெட்டி இது. உள்ளே இருக்கும் கேசட்டைச் செருகினால் தாத்தாவும் கிடையாது, பான்ஜோவும் கிடையாது. இடமிருந்து வலமாக ஓடும் விண்வெளியில் கலத்தை ஓட்டி எதிரிகளைச் சுட்டுத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டு பிறந்தது ஜப்பானின் வடக்குக் கோடியில், ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரத்தில். ஜூம் என்ற சிறு நிறுவனம் 1991-இல் இதை ஷார்ப் கம்பெனியின் எக்ஸ்68000 கணினிக்காக எழுதியது. ஆர்கேட் கூடத்து விளையாட்டுகளை ஏறக்குறைய அதே தரத்தில் வீட்டில் ஆட விரும்பியவர்கள் காசை இறைத்து வாங்கிய கணினி அது. முதல் மாடலின் விலையே 3,69,000 யென். அதை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு, ஷூட்டர் எனப்படும் இந்தச் சுடும் விளையாட்டு வகை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'தி என்ஃபோர்ஸ் ஃபைட்டர் ஏ-144' என்ற துணைத்தலைப்பே அவர்களை இழுக்கப் போதும். அந்த ரசிகர்களுக்குக் கலத்தின் ரக எண்கூட ஆசையைத் தூண்டும் விஷயம்.

மறு ஆண்டு கெம்கோ நிறுவனம் இதை சூப்பர் ஃபாமிகாமுக்கு, அதாவது ஜப்பானிய சூப்பர் நின்டெண்டோவுக்கு, கொண்டுவந்தது. கெம்கோ ஹிரோஷிமா மாவட்டத்தின் குரே துறைமுக ஊரைச் சேர்ந்தது. ஜப்பானியப் பெட்டியில் போர்க்கலமே நாயகன். புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. பெட்டியில் எதைப் பார்த்து வாங்கினார்களோ அதையே திரையில் ஓட்டினார்கள். ஜப்பானியச் சிறுவன் கடைக்குள் நுழையும்போதே விளையாட்டுப் பத்திரிகைகளில் படங்களையும் மதிப்பெண்களையும் பார்த்துவிட்டு வருகிறவன். பெட்டி அவனை ஏமாற்ற வேண்டியதில்லை, அடையாளம் காட்டினால் போதும்.

பசிபிக்கைத் தாண்டியதும் நிலைமை மாறியது.

அமெரிக்காவில் வீடியோ கேம் பெட்டிகளுக்கு ஒரு வம்பான முன்கதை உண்டு. அட்டாரி 2600 காலத்தில் திரையில் தெரிந்தவை சில சதுரங்களும் கோடுகளும்தான். அதை ஈடுகட்ட ஓவியர்கள் பெட்டியில் முழு விண்வெளிப் போரையே தீட்டித் தந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தவர்கள் மீதியைக் கற்பனையில் நிரப்பிக்கொண்டார்கள். 1983-இல் அந்தச் சந்தை சரிந்தது. குவிந்து கிடந்த மட்டமான விளையாட்டுகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் 1985-இல் நின்டெண்டோ தன் வீட்டு விளையாட்டுக் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது, தன் ஆரம்பகாலக் கறுப்புப் பெட்டிகளில் திரையில் தெரியும் அதே புள்ளிப் படங்களையே பெரிதாக்கிப் போட்டது. எனக்குத் தெரிந்து பெட்டி வரலாற்றில் இவ்வளவு நாணயமான காலம் வேறில்லை. அது நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம். 1987-இல் வந்த 'மெகா மேன்' அமெரிக்கப் பெட்டியில், கையே பீரங்கியாக உள்ள நீல நிற ரோபோச் சிறுவனுக்குப் பதிலாகக் கைத்துப்பாக்கி பிடித்த நடுவயது ஆள் நின்றான். பின்னாளில் அதை உருவாக்கிய கேப்காமே தன்னைக் கிண்டல் செய்துகொள்ளும் விதமாக அந்த ஆளை 2012-இன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' விளையாட்டில் ஒரு பாத்திரமாக இறக்கியது.

ஃபாலங்க்ஸ் அமெரிக்காவில் இறங்கியபோது விண்வெளி ஷூட்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. கிரேடியஸ் 3, சூப்பர் ஆர்-டைப், டேரியஸ் ட்வின், ஆக்ஸ்லே என்று வரிசை. ஜப்பானில் சூப்பர் அலெஸ்டே என்ற பெயரில் வந்தது அமெரிக்காவில் ஸ்பேஸ் மெகாஃபோர்ஸ். எல்லாப் பெட்டியிலும் ஏதோ ஒரு கலம், ஏதோ ஒரு வெடிப்பு, பின்னால் இருட்டு. தலைப்பை மறைத்துவிட்டால் எது எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

வாங்கும் முறையும் வேறு. டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடைகளில் அந்நாளில் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. பெட்டியின் முகப்புப் படங்களை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவர் நிறைய வரிசையாக மாட்டியிருப்பார்கள். பிடித்த படத்தின் கீழே இருக்கும் சீட்டைக் கிழித்துக்கொண்டு போய்ப் பணம் கட்டினால், கூண்டுக்குள் இருந்து சரக்கு வரும். வாடகைக் கடைகள் இன்னொரு பக்கம். ஜப்பானில் 1984-இல் வந்த காப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு கேசட்டை வாடகைக்கு விடுவது நடைமுறையில் முடியாமல் போனது. அமெரிக்காவில் அது கொடிகட்டிப் பறந்தது. கையேட்டை நகலெடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பிளாக்பஸ்டர் வாடகைக் கடை நிறுவனத்தின் மீது நின்டெண்டோ 1989-இல் வழக்கே போட்டது. சனி ஞாயிறுக்கு ஒரு விளையாட்டு எடுக்க வந்த பையன் அலமாரி முன் நிற்கும் சில நொடிகளில் அவன் கண் எங்கே நிற்கிறதோ அதற்குத்தான் காசு.

அந்தச் சில நொடிகளுக்காகத்தான் தாத்தா வந்தார். பெட்டியை வடிவமைத்தவர்கள் தரப்பிலிருந்து பின்னாளில் வந்த விளக்கம் எளிமையானது: ஷூட்டர் பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, கண்ணை நிறுத்த ஏதாவது வேண்டியிருந்தது. நான் இந்தப் பெட்டியை முட்டாள்தனம் என்று ஒதுக்காததற்குக் காரணம் இதுதான். விளையாட்டு புரியாமல் யாரோ செய்த கூத்து என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். வடிவமைத்தவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்ததால்தான் கலத்தை மூலைக்குத் தள்ளினார்கள். ஜப்பானியப் பெட்டி விளையாட்டைப் பார்த்து வரையப்பட்டது. அமெரிக்கப் பெட்டி அலமாரியைப் பார்த்து எடுக்கப்பட்டது. பூனைக்குட்டி படம் போட்ட சிவகாசிப் பட்டாசுப் பொட்டலத்துக்கும் இதே நியாயம்தான். உள்ளே பூனை இருக்கும் என்று யாரும் நம்பி வாங்குவதில்லை.

ஆனாலும் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பொட்டலத்தைப் பார்த்தாலே பட்டாசு என்று தெரிந்துவிடும். இந்தப் பெட்டியில் அந்தத் தெளிவு இல்லை. 'விண்வெளியில் அதிவேகச் சண்டை' என்ற பொருளில் ஒரு வரியை அச்சடித்துவிட்டு, வேகத்தின் நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதரைப் பக்கத்தில் உட்கார வைத்தது நகைச்சுவை என்றால், அதை ரசிக்க வாங்குகிறவருக்கு ஷூட்டர்கள் ஏற்கெனவே அலுத்திருக்க வேண்டும். பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு தேடி வந்த பாட்டிக்கு அந்த வரியும் படமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது.

விற்பனையில் தாத்தா என்ன சாதித்தாரோ, புகழில் சாதித்தது கண்கூடு. வினோதமான பெட்டிப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் மெகா மேனுக்குப் பக்கத்தில் ஃபாலங்க்ஸுக்கு ஓர் இடம் உண்டு. நேர்மையான படம் போட்ட அந்தக் காலத்து ஷூட்டர்கள் பலவற்றை இன்று நினைத்துப் பார்ப்பவர்கள் தீவிர ரசிகர்கள் மட்டுமே. ஃபாலங்க்ஸை ஒருமுறைகூட ஆடாதவர்களுக்கும் அதன் பெட்டி தெரியும். 2001-இல் இதே விளையாட்டு கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தபோது பெட்டியில் மறுபடி விண்கலம் ஏறிக்கொண்டது. முறையான, மரியாதையான படம். அதை யாரும் பட்டியல் போடுவதில்லை.

பாவம், இதில் நசுங்கியது விளையாட்டுதான். சப்போரோக்காரர்களின் உழைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு தாடியிலேயே நின்றுவிடுகிறது. வகைவகையான ஆயுதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நெருக்கடியில் ஒன்றைப் பலி கொடுத்து எதிரிகளைத் துடைத்தெறியும் வசதி அதில் உண்டு. எந்த ஆயுதத்தை எப்போது இழப்பது என்று கணக்குப் போட வைக்கும் அந்த யோசனைக்காகவே அதை ஆடலாம். ஆக்ஸ்லேயின் உயரத்துக்கு அது வராது. ஆனால் நடுத்தரத்துக்கு ஒரு படி மேலே வைக்கத்தக்க ஷூட்டர். தாத்தாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒரு மாலைப்பொழுதை அந்தக் கலத்துக்கும் கொடுத்துப் பாருங்கள்.