துணை வினவல்

துணை வினவல் என்பது ஒரு வினவலின் விடையைக் கொண்டு மற்றொரு வினவலின் தரவுகளை வடிகட்டும் முறையாகும். உள்ளே உள்ள வினவல் ஒரு பட்டியலைத் தரும். வெளியே உள்ள வினவல் அப்பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எடுக்கும், அல்லது அவர்களை நீக்கிவிட்டு மற்றவர்களை எடுக்கும்.

தோற்றம்

1970இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகக் கருதும் உறவுசார் மாதிரியை வெளியிட்டார். அதன் அடிப்படையில் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்சு ஆகிய இருவரும் 1974இல் சீக்குவல் என்னும் வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். ஒரு வினவலுக்குள் இன்னொன்றை அமைக்கும் வசதி அதில் தொடக்கத்திலேயே இருந்தது. பின்னர் எஸ்கியூஎல் எனப் பெயர் மாறிய இம்மொழி, 1986இல் அமெரிக்கத் தரநிலையானது.

தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பட்டியலை இன்னொன்றால் வடிகட்டும் இக்கருத்தைக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் பெரிய அளவில் காணலாம். இதற்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 சூலை 24 அன்று கொங்கு மண்டலத்தின் வடபகுதியில் உள்ள தருமபுரி மாவட்டம் தொப்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருத்தல், வீட்டு மின்நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருத்தல், கார் இல்லாமை, வருமான வரி செலுத்தாமை முதலியன தகுதிகளாக இருந்தன. விண்ணப்ப விவரங்கள் அரசிடம் உள்ள தரவுத்தளங்களுடன் ஒப்பிடப்பட்டன. கள ஆய்வும் நடந்தது. முடிவில் சுமார் 1.06 கோடிப் பெண்கள் தேர்வாயினர். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது மாதத் தொகை 1,000 ரூபாயாக இருந்தது.

வடிகட்டலின் குறைகள்

வடிகட்டும் பட்டியல் சரியாக இருந்தால்தான் விடையும் சரியாக இருக்கும். விற்றுவிட்ட கார் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே பதிவில் இருந்தால், அக்குடும்பத்துப் பெண் தகுதியற்றவராகத் தோன்றுவார். ஒரே மின் இணைப்பை இரு குடும்பங்கள் பயன்படுத்தினாலும் இந்நிலை வரலாம்.

எஸ்கியூஎல் மொழியிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 'இப்பட்டியலில் இல்லாதவர்கள்' என்று நாட் இன் மூலம் கேட்கும்போது, உட்பட்டியலில் ஒரே ஒரு மதிப்பு வெற்றாக இருந்தாலும் ஒருவர்கூட விடையில் வரமாட்டார். வெற்று மதிப்பு யாருடையது என்று தெரியாததால், எவரையும் 'இல்லாதவர்' என்று கணினியால் உறுதிசெய்ய முடியாது. பிழைச் செய்தியும் வராது. நாட் எக்சிஸ்ட்ஸ் என்னும் அமைப்பு இச்சிக்கலைத் தவிர்க்கிறது.

திட்டத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழிவகை செய்யப்பட்டது.