பிந்தி வந்த அண்ணன்: அழகர் ஆற்றில் இறங்கும் மரபும் அதன் இரு கதைகளும்

தங்கை மீனாட்சிக்குக் கலியாணம் என்று கேள்விப்பட்டுச் சீர்வரிசையோடு அழகர்மலையிலிருந்து புறப்படுகிறார் கள்ளழகர். வழியெல்லாம் அடியார்கள் மறித்து வணங்க, வைகைக்கு அவர் வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலே ஆற்றோடு போய் வண்டியூரில் தங்கிவிடுகிறார். மதுரையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்தில் கேட்டாலும் சித்திரைத் திருவிழாவுக்குச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

அழகர்கோயிலின் தலபுராணம் வேறு காரணம் சொல்கிறது. சுதபஸ் என்ற முனிவர் தவத்தில் ஆழ்ந்திருந்தபோது துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. 'மண்டூகமாகப் போ' என்று துர்வாசர் சபித்தார். தவளையாகி வைகைக் கரையில் காத்துக் கிடந்த முனிவருக்குச் சாபவிமோசனம் தரவே சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பெருமாள் வருகிறார். இந்தக் கதையில் மீனாட்சியும் இல்லை, கலியாணமும் இல்லை.

மீனாட்சி கோயில் தரப்பிலோ அழகருக்கு வேலையே இல்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகைப் பிராட்டியாகிய மீனாட்சியைச் சொக்கநாதருக்குத் தாரை வார்த்துக் கொடுப்பவர் திருமால். கம்பத்தடி மண்டபத்துத் திருக்கல்யாணச் சிற்பமும் அதையே காட்டுகிறது. ஆனால் விழாவில் அந்தத் திருமாலாக வருபவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அவர் உரிய நேரத்துக்கு வந்து தாரை வார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். ஆக, அழகர் பிந்தி வந்ததால் கலியாணம் எந்த வகையிலும் குறைபடவில்லை. இரு கோயில்களின் ஏட்டு மரபிலும் இடமில்லாத ஒரு கதை எப்படி மதுரை மக்களின் உறுதியான நம்பிக்கையாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சடங்கும் நாள்காட்டியும் முதலில் மாறின, அந்த மாற்றத்துக்கு மக்கள் தந்த விளக்கமே இந்தக் கதை என்பது என் கருத்து.

அழகர்மலை மிகப் பழையது. பரிபாடலின் 15ஆம் பாடல் இருங்குன்றம் என்னும் இம்மலையில் மாயோனும் வாலியோனும் ஒருசேர நிற்பதைப் போற்றுகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்குப் போகும் வழி சொல்லும்போது திருமால் குன்றத்தையும் அதன் மூன்று பொய்கைகளையும் விரித்துரைக்கிறான். ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள், நம்மாழ்வார் முதலிய அறுவர் இதை மாலிருஞ்சோலை என்று பாடினர். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். அந்த நேர்ச்சையைப் பின்னாளில் இராமானுசர் செலுத்தினார் என்பது வைணவ மரபு. கூரத்தாழ்வான் இங்கே தங்கிச் சுந்தரபாஹு ஸ்தவம் இயற்றினார். இத்தனை வளமான இலக்கியத்தில் ஓரிடத்திலும் அழகர் தங்கை வீட்டுக் கலியாணத்துக்குப் புறப்படவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கியது முன்பு மதுரையிலும் அன்று. மதுரைக்கு வடமேற்கே, சோழவந்தான் பக்கம் வைகைக் கரையிலுள்ள தேனூரில்தான் அவர் இறங்கினார். மீனாட்சியின் திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடந்தன. இரண்டையும் சித்திரையில், மதுரையில் ஒன்றுசேர்த்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பது கோயில் மரபும் ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி. அறுவடை முடிந்து உழவர் கையில் பணமும் ஓய்வும் இருக்கும் காலம் சித்திரை என்றும், நாயக்கர் செய்வித்த பெருந்தேர்களை இழுக்கப் பெருங்கூட்டம் தேவைப்பட்டது என்றும், சைவ வைணவப் பிணக்கைத் தணிக்க எண்ணினார் என்றும் காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதல் இரண்டும் எனக்கு வலுவாகப் படுகின்றன. மூன்றாவது, விளைவைப் பார்த்துப் பின்னாளில் ஏற்றிச் சொன்ன நோக்கமாகவும் இருக்கலாம்.

இடமாற்றத்தின் தடயங்களை இன்றும் மண்ணில் பார்க்கலாம். மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள். ஆவணி மூலத் திருவிழா ஆவணி மூல வீதிகளில் நடக்கிறது. சித்திரைத் தேரோ சித்திரை வீதிகளில் ஓடாமல் மாசி வீதிகளில் ஓடுகிறது. மாதம் மாறியபோது தேரின் பாதை மாறவில்லை. மறுபக்கம், வண்டியூரில் அழகர் மண்டூக முனிவருக்கு மோட்சம் தரும் இடத்துக்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். தேனூர்க்காரர்கள் தங்கள் ஊர் ஆற்றில் சுந்தரராசப் பெருமாளை இறக்கும் வழக்கத்தையும் விட்டுவிடவில்லை. ஒரு மன்னரின் ஆணை பற்றிய வாய்மொழிச் செய்தியைவிட இந்த வீதிப் பெயரும் மண்டபப் பெயரும் எனக்குப் பெரிய சான்றுகள்.

இரு விழாக்களும் ஒரே மாதத்துக்கு வந்தன, ஆனால் ஒரே நாளுக்கு வரவில்லை. திருக்கல்யாணம் பத்தாம் நாள், தேரோட்டம் அதற்கு மறுநாள், அழகர் ஆற்றில் இறங்குவது அதற்கும் மறுநாள். அழகரின் நாள் பௌர்ணமியோடு கட்டுண்டது. அதை மண்டூகர் கதை பிடித்து வைத்திருந்தது. கலியாணத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே விழுந்த இந்த இடைவெளிதான் அழகரைப் பிந்தி வந்தவர் ஆக்கியது. இந்த ஐதிகத்தை ஆராய்ந்த டென்னிஸ் ஹட்சன் 1970களில் எழுதிய கட்டுரையும், தொ. பரமசிவன் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து 1989இல் நூலாக வெளிவந்த 'அழகர் கோயில்' ஆய்வும் நாட்டார் கதையைப் பிழையென்று ஒதுக்காமல் அதன் சமூக அடிப்படையைத் தேடின. அந்த வழியில் ஊர்வலத்தையே ஓர் ஆவணமாகப் படித்தால் இன்னும் தெளிவு கிடைக்கிறது.

மலையடிவாரத்தில் தொடங்குவோம். இராசகோபுரவாசலில் காவல் நிற்பவர் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. அங்கே உருவம் கிடையாது. சந்தனம் பூசிய அடைத்த கதவுகளுக்கே வழிபாடு. அழகரின் செல்வத்தைக் கவர வந்த மலையாள மாந்திரிகர் பதினெட்டுப் பேரை அடக்கிப் படிகளின்கீழ் புதைத்த இடம் அது என்கிறது ஐதிகம். மதுரைக்குப் புறப்படுமுன் அழகரின் அணிமணிப் பட்டியல் கருப்பன் முன்னால் வாசிக்கப்படுகிறது, திரும்பி வந்தபின் மறுபடியும். கணக்குக் கேட்கும் உரிமை காவல் தெய்வத்துக்கு உண்டு.

அங்கிருந்து பெருமாள் கள்ளர் கோலத்தில் வருகிறார். கள்ளர் கொண்டை, தலையில் உருமால், காதில் வண்டிக்கடுக்கன், கையில் வளைதடியும் சாட்டைக்கம்பும், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை காங்கு என்னும் கருப்புச் சேலை. கள்ளர் நாட்டைக் கடந்துதான் அழகர் மதுரைக்கு வர முடியும். அந்த வழியில் நடந்த மறிப்புக்கும் அதன்பின் ஏற்பட்ட உடன்பாட்டுக்கும் நினைவாகவே தெய்வம் அம்மக்களின் உடையை ஏற்றது என்று தொ.ப. விளக்குகிறார். ஆழ்வார் பாசுரங்களில் இல்லாத இந்த உடை ஆகமத்துக்கு வெளியேயிருந்து வந்து கோயிலுக்குள் நிலைபெற்றது. மூன்றுமாவடியில் எதிர்சேவை செய்ய நிற்கும் கூட்டம் வரவேற்பது இந்தக் கோலத்தைத்தான்.

தல்லாகுளத்தில் காட்சி மாறுகிறது. நூபுர கங்கைத் தீர்த்தத்தால் திருமஞ்சனம். வேறெந்தத் தண்ணீரும் அழகருக்கு ஆகாது என்பதால் அந்தத் தீர்த்தம் மலையிலிருந்தே கூட வருகிறது. பிறகு திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை அணிகிறார். கள்ளர் அடையாளம் இங்கே விலகி ஆழ்வார் மரபு மேலெழுகிறது. விடியலில் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும்போது அவர் அரசர். உடுத்தியிருக்கும் பட்டின் நிறத்தை வைத்து அந்த ஆண்டின் விளைச்சலையும் ஊர் நலத்தையும் மக்கள் கணிக்கிறார்கள். அன்றிரவு வண்டியூரில் தங்குவதற்கு, அவருடைய முஸ்லிம் காதலியாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்பது மக்கள் வழக்கு. அவர் உண்மையில் எழுந்தருளும் இடம் வீரராகவப் பெருமாள் கோயில். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூகருக்கு அருளும்போது மட்டும் கருட வாகனம். புராணம் தன் திருமாலை இங்கேதான் மீட்டுக்கொள்கிறது. அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரக் காட்சி. பின்னர் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கில் திரும்பும்போது மீண்டும் கள்ளர் கோலம்.

ஒவ்வொரு காலத்து வழிபாடும் ஒவ்வோர் இடத்தில் தங்கியிருக்கிறது. எதுவும் எதையும் அழிக்கவில்லை. வழிநெடுக நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று வரும் இந்தப் பயணத்தின் உண்மையான வேகத்தைப் பார்த்தவருக்கு, அழகர் பிந்திவிட்டார் என்ற கதை கற்பனையாகத் தோன்றாது. தெய்வத்தோடு நடப்பவர்கள் கண்ணெதிரே காணும் தாமதம் அது.

கதையைச் சுமந்தவர்கள் யார் என்பதும் விழாவிலேயே தெரிகிறது. மாட்டு வண்டி கட்டி வந்து ஆற்றுமணலில் சமைத்துண்டு, பிள்ளைகளுக்கு முடியிறக்கிய உழவர்களும் ஆயர்களும் கள்ளரும் தாழ்த்தப்பட்டோரும் அவர்கள். திரியெடுத்து ஆடுபவர்கள், ஆட்டுத்தோல் துருத்தியிலிருந்து அழகர்மீது நீர் பீய்ச்சுபவர்கள், செம்பில் நாட்டுச்சர்க்கரை நிரப்பி வாழையிலையால் மூடி மேலே சூடம் ஏற்றிக் காட்டுபவர்கள், வர்ணிப்புப் பாடுபவர்கள். உடன்பிறந்தாள் கலியாணத்துக்கு அண்ணன் சீர் கொண்டுவராமல் பந்தல் நிறையாது என்பது இவர்கள் வாழ்வின் சட்டம். மீனாட்சியின் அண்ணன் திருமால் என்பதைத் திருவிளையாடல் கதை ஏற்கெனவே தந்திருந்தது. பௌர்ணமி தாமதத்தைத் தந்தது. வைகையைத் தாண்டி மீனாட்சி கோயிலுக்கு அழகர் போகாதது கோபத்தைத் தந்தது. மரியாதை குறைந்த இடத்துக்கு அண்ணன் போகமாட்டான் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாயக்கர் ஆணை இரு விழாக்களை ஒரே மாதத்தில் வைத்தது. அவற்றை ஒரே விழாவாக்கியது இந்த மக்களின் கதை. மண்டூகர் கதையை அது தள்ளிவிடவும் இல்லை. தங்கை கலியாணத்துக்கு வந்த அண்ணனைப் பார்க்க ஆற்றில் திரண்ட அதே கூட்டத்தில் ஒரு பகுதிதான், மறுநாள் உச்சிவெயிலில் தேனூர் மண்டபத்துக்கும் போய்த் தவளைக்கு மோட்சம் கிடைப்பதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறது.