சம்பந்தர் காலமும் ஆய்விதழ்க் கட்டுரையும்

மனோன்மணீயம் ஆசிரியர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையை (1855–1897) நாம் கவிஞராகவே போற்றி வருகிறோம். 1891-இல் வெளிவந்த அந்நாடகத்தின் வாழ்த்துப் பாடற்பகுதி, 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டு இன்றும் அரசு விழாக்களில் ஒலிக்கிறது. அப்புகழின் ஒளியில் அவருடைய மற்றொரு பணி மங்கித் தெரிகிறது. திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய அவர், ஆய்விதழ்களுக்கு வரலாற்றுக் கட்டுரைகள் எழுதியவரும் ஆவார். கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அப்பணியை நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

திருஞானசம்பந்தர் எக்காலத்தவர் என்பது சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் பெரியதொரு வினா. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' தந்த கால்டுவெல், சம்பந்தர் சைவத்துக்கு மீட்ட கூன்பாண்டியனையும், வெனிசு நாட்டுப் பயணி மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனையும் ஒருவராகக் கொண்டார். அதனால் சம்பந்தரின் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கு இறங்கியது. கால்டுவெல்லின் புலமைக்கு இருந்த மதிப்பு பெரிது. எனவே அக்கருத்து எளிதில் வேரூன்றியது.

இது வெறும் ஆண்டுக் கணக்கன்று. சம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எனில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் அவருக்கு முன்பே பிறந்துவிடுகிறார்! முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை அமர்த்திய கல்வெட்டுச் செய்தியும் பொருளற்றதாகிவிடும். எந்தப் பாட்டு முந்தியது, எது பிந்தியது, யார் குரலை யார் கேட்டு வளர்ந்தார் என்னும் இலக்கிய வரலாற்று வரிசை முழுவதுமே குலைந்துபோகும்.

சுந்தரம் பிள்ளை இதனை மேடையில் மறுத்துப் பேசியதோடு அமையவில்லை. 1890-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில் ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதினார். 'தமிழ் இலக்கிய வரலாற்றில் சில மைல்கற்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் அது 1895-இல் தனிநூலாகவும் வந்தது. நம்பியாண்டார் நம்பி, சேக்கிழார் ஆகியோரின் காலத்தை முதலில் வரையறுத்து, அவர்களுக்கு முற்பட்டவர் சம்பந்தர் எனக் காட்டினார். சௌந்தரியலகரி குறிக்கும் 'திராவிட சிசு' சம்பந்தரே என்னும் மரபையும் ஆராய்ந்தார். சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டதாகாது என்பதே அவர் கண்ட முடிவின் சாரம்.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் நோக்கத்தக்கது. கல்வெட்டறிஞர் வி. வெங்கையா, இவ்வினாவிற்கு மற்றொரு சான்றைப் பொருத்திக் காட்டினார். சம்பந்தர் தம் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் போற்றுகிறார். அச்சிறுத்தொண்டர் முன்பு படைத்தலைவராக வாதாபியை அழித்தவர் என்பது பெரியபுராணச் செய்தி. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியது ஏறத்தாழ 642-இல் என்பது வரலாறு. ஆகவே சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவர் என்பது உறுதிப்பட்டது. ஒருவர் மேல் எல்லையை வகுத்தார். மற்றொருவர் அதற்குள் ஓர் ஆணியை அறைந்தார். முன்னவர் தம் சான்றுகளையும் வாதப்படிகளையும் அச்சில் வைத்திருந்தமையால் பின்னவர் பணி எளிதாயிற்று.

ஆய்விதழுக்குக் கட்டுரை ஆயத்தம் செய்வோர் கொள்ளவேண்டிய நெறிகள் இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியுள்ளன. முதலாவது, வினா ஒன்றாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். 'சைவமும் தமிழும்' என்பது சொற்பொழிவுக்குரிய தலைப்பு. 'சம்பந்தர் காலம் யாது?' என்பதே ஆய்வுக்குரிய வினா. இரண்டாவது, மறுக்கப்படும் கருத்தை அதனைக் கூறியவரே ஒப்பும் வண்ணம் எடுத்துரைத்தல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு சான்றும் இருக்கும் இடத்தைப் பிறர் சென்று காணுமாறு குறித்தல் வேண்டும். கல்வெட்டாயின் எந்தக் கோயிலில் எந்தச் சுவரில் என்பதும், ஏடாயின் அது எவர் காப்பில் உள்ளது என்பதும் வேண்டும். நான்காவது, சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே முடிவாகக் கூறுதல் வேண்டும்.

இவ்வாறு எழுதிய கட்டுரையை, அப்பொருளில் முன்பு என்ன வெளியிட்டுள்ளது என்று அறிந்து, உரிய இதழுக்கே அனுப்புதல் நன்று. இன்றைய ஆய்விதழ்கள் பல, எழுதியவர் பெயரை மறைத்து அறிஞர் இருவரிடம் கருத்துக் கேட்கின்றன. திருத்தம் வேண்டிக் கட்டுரை திரும்பி வருவது இழிவன்று. பாட்டை அரங்கேற்றி அவையோர் தடைக்கு விடை கூறிய மரபில் வந்தவர்கள் நாம். அம்மரபுக்கு இது அயலானதும் அன்று.

ஆங்கிலம் அறிந்தோர்க்கே இவ்வாயில் என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ், இலக்கியம், கல்வெட்டு, கால ஆராய்ச்சி ஆகியவற்றைத் தமிழிலேயே நிகழ்த்திக் காட்டியது. ரா. இராகவையங்காரும் அவருக்குப் பின் மு. இராகவையங்காரும் ஆசிரியர்களாக இருந்து அதனை வளர்த்தனர். அவ்விருவரும் இலக்கியத்தில் தோய்ந்த புலவர்களே.

நம் வட்டத்தில் பத்தாண்டுகளாக எத்தனையோ உரைகள் நிகழ்ந்தன. ஊர்ப்பெயர்கள், நடுகற்கள், கதைப்பாடல்கள், மறைந்துபோன புலவர் குடும்பங்கள் பற்றி உறுப்பினர்கள் அரிய செய்திகளைக் கூறினர். கேட்டு மகிழ்ந்தோம், கைதட்டினோம். அச்செய்திகளுள் பல, சொன்னவர் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை. திருப்பணியில் ஒரு கல் இடம் மாறினாலும், ஒரு முதியவர் மறைந்தாலும் அவை மீளா. எனவே அடுத்த பத்தாண்டில் ஆண்டுதோறும் ஓர் உரையையேனும் தேர்ந்து, சான்றுகளைக் கூடிச் சரிபார்த்துக் கட்டுரையாக்கி, ஓர் ஆய்விதழுக்கு அனுப்புவோம். நாம் அறியாத ஒரு வெங்கையா அதனைப் படித்து, நாம் காணாத சான்றொன்றைப் பொருத்திக் காட்டக்கூடும்.