வலியறிதல்: சிறுநீர்ப்பைக்குள் சென்ற விளக்கின் வரலாறு

திருக்குறளின் 48ஆம் அதிகாரத்திற்கு வலியறிதல் என்று பெயர். அங்கே வலி என்பது வலிமை. இன்று அச்சொல்லை நாம் பெரும்பாலும் நோவு என்ற பொருளிலேயே வழங்குகிறோம். இப்பொருளில் வலியறிதல் எவ்வளவு தாமதமாக நிகழ்கிறது என்பதற்கு, பெண்களின் சிறுநீர்ப்பையை உள்நோக்கும் சோதனையின் வரலாறு தக்க சான்று.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் மருத்துவர்களை வருத்திய சிக்கல் வலி அன்று, இருள். 1806இல் பிராங்க்பர்ட் மருத்துவர் பிலிப் பொஸ்ஸினி மெழுகுவர்த்தி பொருத்திய கருவியொன்றை அறிமுகப்படுத்தினார். வியன்னா மருத்துவப் புலம் அதனை ஏற்கவில்லை; 1809இல் அவரும் இறந்துபோனார். 1853இல் பாரிஸில் தெஸொர்மோ சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரியும் விளக்கைப் பயன்படுத்தினார். 1879இல் மாக்ஸிமிலியன் நிட்ஸெ, கருவி செய்பவரான ஜோசப் லைட்டருடன் இணைந்து, விளக்கையே சிறுநீர்ப்பைக்குள் கொண்டு சென்றார். மின்சாரத்தால் தகதகக்கும் பிளாட்டினக் கம்பி உள்ளே சுட்டுவிடாதபடி அதைச் சுற்றிக் குளிர்நீர் ஓடிக்கொண்டிருந்தது. இருள் ஒருவாறு விலகிற்று.

நோவுக்கு என்ன செய்தார்கள்? ஈதரும் குளோரோஃபாரமும் 1840களிலேயே வந்துவிட்டன. ஆயினும் சில நிமிடச் சோதனைக்கு முழு மயக்கம் என்பது அக்காலத்தில் பெரிய ஆபத்து. 1884இல் கார்ல் கோலர் கொக்கெய்ன் துளிகளால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டியபின், அதே மருந்து விரைவிலேயே சிறுநீர்த்தாரைக்கும் வந்தது. அங்கிருந்து அது இரத்தத்தில் வேகமாகக் கலந்து சிலர் உயிரிழந்த செய்திகளும் தொடர்ந்து வந்தன.

பெண்களுக்கான சோதனையில் பெயர் பெற்றவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹோவர்ட் கெல்லி. 1890களில் அவர், நோயாளியை முழந்தாளிட்டு மார்பு தாழக் குனியச் செய்து, சிறுநீர்த்தாரையை விரித்து, வெற்றுக் குழாய் ஒன்றைச் செலுத்தினார். உள்ளே புகுந்த காற்று சிறுநீர்ப்பையை விரித்தது. நெற்றிக் கண்ணாடி ஒளியைப் பாய்ச்சியது. கெல்லியின் மருத்துவமனையைச் சேர்ந்த கை ஹன்னர், பல்லாண்டுகள் அவதியுற்ற பெண்களின் சிறுநீர்ப்பையில் தாம் கண்ட புண்களை 1915இல் எழுதி வெளியிட்டார். காணக்கூடிய புண் இருந்தும், இந்நோயை மனக்கோளாறு என்று கருதிய மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருந்தனர். கண்ணால் கண்ட நோவுக்கே இக்கதி என்றால், சோதனைக் கருவி உண்டாக்கும் நோவை யார் பொருட்படுத்துவர்?

மருந்து இல்லை என்ற சமாதானமும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1943இல் ஸ்வீடனில் லோஃப்கிரேன் உருவாக்கிய லிடோகெய்ன் 1948இல் விற்பனைக்கு வந்தது, கொக்கெய்னைவிடப் பாதுகாப்பானது. 1980களில் வளையும் உள்நோக்கி பரவியது. அதன் நன்மை முதலில் சென்றது ஆண்களுக்கே. ஆணின் சிறுநீர்த்தாரை ஏறத்தாழ 20 செ.மீ.; பெண்ணுடையது 4 செ.மீ. எனவே பெண்ணுக்கு விறைப்பான குழாயே போதும், மரத்துப்போகும் களிம்பும் தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் நிலைத்தது. வழி குறுகியது என்பது உடற்கூறு. ஆகவே வலிக்காது என்பது ஊகம். ஊகம் உடற்கூற்றின் அதிகாரத்தைப் பெற்றுவிட்டது.

களிம்பின் பயன் குறித்து ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை என்பதும் உண்மை. இட்ட உடனே கருவியைச் செலுத்தினால் எம்மருந்தும் பயன் தராது. சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். வெளிநோயாளர் அறையில் அரிதான பொருள் அந்தச் சில நிமிடங்களே.

அடங்காத சிறுநீர் உந்துதலுக்குப் போட்டுலினம் நச்சை ஊசியாகச் செலுத்தும் முறைக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிறுநீர்ப்பைச் சுவரில் 20 இடங்களில் ஊசி குத்தப்படுகிறது. அதற்குமுன் லிடோகெய்ன் கரைசலை உள்ளே நிரப்பிச் சிறிது நேரம் தங்கவிடுவது வழக்கம். சிறுநீரின் அமிலத்தன்மையில் லிடோகெய்ன் மின்னேற்றம் பெற்றுச் சுவரை ஊடுருவத் தயங்கும். சோடியம் பைகார்பனேட்டைச் சேர்த்தால் அத்தடை குறையும். சமையலறைச் சோடா உப்பின் வேதியியல்தான். அறிவு இல்லாமற்போகவில்லை, அதைக் கையாளும் அக்கறையே இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

2025 மே மாதத்தில் அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர் கல்லூரி, வெளிநோயாளர் அறையில் நிகழும் கருப்பை, கருப்பைவாய்ச் சிகிச்சைகளில் வலியைக் குறைத்து மதிப்பிடும் போக்கை ஒப்புக்கொண்டு, வலி நீக்கும் வழிகளை நோயாளியுடன் முன்கூட்டியே பேசவேண்டும் என்று வழிகாட்டிற்று. சிறுநீர்ப்பை அந்த ஆவணத்தின் எல்லைக்குள் வரவில்லை. ஆனால் அதன் நியாயம் இதற்கும் பொருந்தும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் இச்சோதனைக்கு ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வரவேண்டியிருக்கிறது. முதல்முறை பட்ட வேதனையால் ஒரு பெண் அடுத்த முறை வராமற்போனால், இழப்பது அவள் உயிராகவும் இருக்கலாம்.

"சற்று அசௌகரியமாக இருக்கும்" என்பது மருத்துவர் சொல்லும் சொல். "வலிக்கிறது" என்பது நோயாளியின் சொல். இருநூறு ஆண்டுகளாக மெழுகுவர்த்தியிலிருந்து கண்ணாடி இழை வரை விளக்கை மாற்றிக்கொண்டே வந்த மருத்துவம், "வலிக்கிறதா, நிறுத்தட்டுமா" என்று கேட்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.