‘கோல்ட் கன்’: படப்பிடிப்பில் உயிர் போனால் பிழை யாருடையது?

2021 ஒக்டோபர் 21, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். ‘ரஸ்ட்’ என்ற கௌபாய்ப் படத்துக்காக ஒரு சின்னத் தேவாலயத்துக்குள் ஒத்திகை நடக்கிறது. நடிகர் அலெக் போல்ட்வின் உறையிலிருந்து கைத்துவக்கை உருவ வேண்டும். கமராவை எந்தக் கோணத்தில் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துவக்கு வெடித்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்துபோனார், வயது 42. அதே சன்னம் இயக்குநர் ஜோயல் சூசாவின் தோளிலும் பாய்ந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: பிழை யாருடையது? துவக்கைப் பிடித்திருந்த நடிகரா, ஆயுதங்களுக்குப் பொறுப்பானவரா, துவக்கில் ஆபத்தில்லை என்று சொன்ன உதவி இயக்குநரா, காசு போட்டவர்களா? இந்தக் கேள்வி 2021இல் புதிதாக வந்ததில்லை. சினிமாவுக்கு நூற்றுச் சொச்ச வயசு என்றால், இந்தக் கேள்விக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான். அதனால் நாங்கள் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்க்கிறோம்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துவைப்பது நல்லது. உண்மையான ரவையில் வெடிமருந்தும் இருக்கும், சன்னமும் இருக்கும். ‘பிளாங்க்’ ரவையில் மருந்து இருக்கும், சன்னம் இருக்காது. சத்தமும் நெருப்பும் வரும். ‘டம்மி’ ரவையில் சன்னம் இருக்கும், மருந்து இருக்காது. கமராவுக்குக் கிட்டத்தில் காட்டினால் உண்மையான ரவை போலவே தெரியும். இனிச் சொல்லப்போகிற மரணங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று இன்னொன்றின் இடத்தில் இருந்ததால் வந்தவை.

1915இல் செசில் பி. டிமில் ‘த கப்டிவ்’ என்ற மௌனப்படத்தை எடுத்தார். படைவீரர்கள் ஒரு கதவைச் சுட்டு உடைக்கிற காட்சி. உண்மையாகத் தெரியவேண்டும் என்பதற்காக உண்மையான ரவைகளையே பாவித்தார்கள். அதன் பிறகு எல்லோரும் பிளாங்க் ரவைக்கு மாறவேண்டும் என்று சொல்லப்பட்டது. யாரோ ஒருவரின் துவக்கில் மட்டும் பழைய ரவை கிடந்தது. ஒரு துணை நடிகர் அந்த இடத்திலேயே இறந்தார். கதை ‘யாரோ ஒருவர் கவனிக்கவில்லை’ என்பதோடு முடிந்துவிட்டது. உண்மையான ரவையைப் படப்பிடிப்புக்குள் கொண்டுவரும் முடிவை எடுத்தது யார் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

1984இல் ‘கவர் அப்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் தளத்தில் நடிகர் ஜோன் எரிக் ஹெக்சம், படப்பிடிப்பு இழுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பிளாங்க் போட்ட துவக்கைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் பகிடிக்கு அழுத்தினார். சன்னம் இல்லைத்தான். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் பிளாங்கின் அழுத்தமே மண்டையோட்டை உடைக்கும். சில நாட்களில் இறந்தார், வயது 26. அவரே செய்த பிழை என்று சொல்லிவிடலாம். ஆனால் படமெடுக்காத நேரத்தில் ரவை போட்ட துவக்கு அவருடைய கையில் ஏன் இருந்தது? பிளாங்க் ஆளைக் கொல்லும் என்று அவருக்கு யாராவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்களா?

1993 மார்ச் 31இல் நடந்ததை எங்களில் பலருக்குத் தெரியும், ஏனென்றால் இறந்தவர் புரூஸ் லீயின் மகன். ‘த குரோ’ படப்பிடிப்பு, வட கரோலினாவின் வில்மிங்டன். பிரண்டன் லீக்கு வயது 28. கிட்டத்துக் காட்சிக்கு டம்மி ரவை தேவைப்பட்டது. முறையாகச் செய்த டம்மிக்குப் பதிலாக, உண்மையான ரவைகளிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டுச் சன்னத்தைத் திருப்பிப் பொருத்தினார்கள். ஆனால் ரவையின் அடியில் இருக்கிற சின்னத் தீமூட்டியை எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் அது வெடித்துச் சன்னத்தைக் குழாய்க்குள் தள்ளியது. சன்னம் பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. யாரும் குழாயைப் பார்க்கவில்லை. பிறகு அதே துவக்கில் பிளாங்க் போட்டார்கள். பிளாங்கின் அழுத்தம் இறுகிக் கிடந்த சன்னத்தை வெளியே தள்ளியது. மருந்து ஒரு ரவையிலிருந்து, சன்னம் இன்னொன்றிலிருந்து. இரண்டும் சேர்ந்தபோது அது உண்மையான துவக்காகிவிட்டது.

இங்கே ‘ஒரு ஆளின் பிழை’ என்று சொல்ல முடியுமா? டம்மியைச் செய்தவர், குழாயைப் பார்க்காதவர், அவசரப்படுத்தியவர் என்று அது ஒரு சங்கிலி. அரச வழக்குத்தொடுநர் கவனயீனம் இருந்தது, ஆனால் குற்றவியல் வழக்குப் போடுமளவுக்கு இல்லை என்று முடிவெடுத்தார். தயாரிப்பு நிறுவனத்துக்கு 84,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டு, பிறகு 55,000 ஆகக் குறைக்கப்பட்டது. தாயார் லிண்டா லீ போட்ட சிவில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. படம் 1994இல் வெளிவந்து நன்றாக ஓடியது. துவக்கை அழுத்திய நடிகர் மைக்கல் மசீ சட்டப்படி குற்றவாளி இல்லை. ஆனாலும் அந்தப் பாரத்தைச் சாகும்வரை சுமந்தார்.

விதிகள் இல்லாமல் இல்லை. ஹொலிவூட்டில் தொழிற்சங்கங்களும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து வெளியிடுகிற பாதுகாப்பு அறிக்கைகளில் முதலாவது இலக்கமே துவக்குகள் பற்றியதுதான். எந்தத் துவக்கையும் ரவை இருக்கிற துவக்காகவே நினைக்க வேண்டும், யாரையும் நேரே குறிவைக்கக் கூடாது, உண்மையான ரவை தளத்துக்குள் வரவே கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் இவை பரிந்துரைகள். பரிந்துரையைப் பின்பற்றுவதற்கு நேரமும் ஆட்களும் வேண்டும். இரண்டுக்கும் காசு வேண்டும்.

இப்போது ‘ரஸ்ட்’டுக்குத் திரும்புவோம். சம்பவத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே தளத்தில் துவக்குகள் இரண்டு தடவை தவறி வெடித்திருந்தன. தங்குமிடம், சம்பளம், பாதுகாப்பு பற்றிய முறைப்பாடுகளோடு கமராக் குழுவில் பலர் அன்று காலையில்தான் வேலையை விட்டுப் போனார்கள். ஆயுதப் பொறுப்பாளர் ஹன்னா குற்றியேரஸ் றீட்டுக்கு வயது 24. ஆயுதப் பொறுப்போடு அரங்கப் பொருட்களைப் பார்க்கிற வேலையும் அவருடைய தலையில்தான். மாநிலத்தின் தொழிற் பாதுகாப்புப் பிரிவு விசாரித்து, பாதுகாப்பு நடைமுறைகள் மீறப்படுவது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தும் அது அலட்சியமாக இருந்தது என்று சொன்னது. 136,793 டொலர் தண்டம். சட்டத்தில் அதுதான் உச்சம். பின்னர் அது 100,000க்குச் சமரசமானது.

நீதிமன்றத்தில் நடந்தது என்ன? ‘கோல்ட் கன்’, அதாவது ஆபத்தில்லாத துவக்கு, என்று அறிவித்த முதலாம் உதவி இயக்குநர் டேவிட் ஹோல்ஸ் வழக்குத்தொடுநரோடு உடன்பட்டு ஆறு மாத நன்னடத்தைக் காலத்தோடு தப்பினார். 2024 மார்ச்சில் ஹன்னா குற்றவாளியாகக் காணப்பட்டு, அடுத்த மாதம் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். போல்ட்வின், தான் விசையை அழுத்தவில்லை என்று சொல்லிவந்தார். 2024 ஜூலையில் அவருடைய வழக்கு தொடங்கி மூன்றாம் நாளே தள்ளுபடியானது, ரவைகள் தொடர்பான சான்றுகளை அரச தரப்பு அவருடைய சட்டத்தரணிகளிடமிருந்து மறைத்தது என்பதற்காக. அவர் குற்றவாளியா இல்லையா என்று ஜூரிகள் சொல்லவேயில்லை.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. போல்ட்வின் அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. ஆனால் தயாரிப்பாளராக அவருடைய பங்கைப் பற்றிக் குற்றவியல் வழக்கில் கதைக்க முடியாது என்று நீதிபதி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆக, விசையில் விரல் இருந்ததா என்பது கேள்வியாகியது. இரண்டு வேலையை ஒரு ஆளிடம் கொடுத்தது யார், வெடித்த துவக்குகளைப் பற்றி முறைப்பாடு வந்தபிறகும் படப்பிடிப்பை நிறுத்தாதது யார் என்பவை கேள்வியாகவில்லை. சிறைக்குப் போனது ஒரேயொரு ஆள். எங்கட வயசுக்காரி, அந்தத் தளத்தில் அதிகாரம் குறைந்தவர்களில் ஒருவர்.

ஹன்னாவில் பிழை இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. டம்மிகளுக்குள் உண்மையான ரவைகள் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கிப் பார்ப்பது அவருடைய வேலை. உள்ளே ஒரு சிறு குண்டு கிலுங்கினால் அது டம்மி. அந்த வேலை நடக்கவில்லை, ஒரு தாய் வீடு திரும்பவில்லை. ஆனால் சோதிக்கும் கடமையைக் கீழே இருப்பவரிடமும், சோதிப்பதற்கான நேரத்தை வெட்டும் உரிமையை மேலே இருப்பவரிடமும் கொடுத்தால், அந்தப் பொறுப்பு பங்கிடப்பட்டதாக ஆகாது. தள்ளிவிடப்பட்டதாகத்தான் ஆகும்.

இன்னொன்று, அன்று நடந்தது ஒத்திகை. கமரா பதிவுசெய்யவில்லை. றப்பர் துவக்கு ஒன்றே போதுமாக இருந்தது. சம்பவத்தின் பிறகு ‘த றூக்கி’ தொடர் உண்மையான துவக்குகளை நிறுத்தி, நெருப்பைக் கணினியில் சேர்க்கத் தொடங்கியது. டுவெய்ன் ஜோன்சன் தன் நிறுவனத்தின் படங்களில் இனி றப்பர் துவக்குகள்தான் என்றார். கலிபோர்னியா 2023இல் படப்பிடிப்புத் துவக்குகளுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1915இலிருந்து கணக்குப் பார்த்தால், பரிந்துரை சட்டமாக நூறு வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

எங்களுக்குள்ளும் குறும்படம் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உண்மைத் துவக்கு எங்கட கைக்கு வரப்போவதில்லை. ஆனால் மொட்டைமாடி விளிம்பு இருக்கிறது, ஹெல்மெட் இல்லாத மோட்டார்சைக்கிள் காட்சி இருக்கிறது, மழையில் இழுத்த மின்வயர் இருக்கிறது. ‘ஒண்டும் நடக்காது, ஒருக்கா எடுப்பம்’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் இயக்குநர். விளிம்பில் நிற்கிறவர் வேறொரு ஆள். படப்பிடிப்பை நிறுத்துகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பு முதலில் அவரிடம்தான் இருக்க வேண்டும் என்பது எங்கட நிலைப்பாடு. நிறுத்தச் சொல்கிற உரிமையோ அங்கே நிற்கிற எல்லோருக்கும் இருக்க வேண்டும், தேத்தண்ணி கொண்டுவருகிறவருக்கும் சேர்த்து.