தரங்கம்பாடிக்கு வந்த மருந்துப் பெட்டி



உங்கள் வீட்டில் முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது? பல வீடுகளில் அது அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே காலாவதியான மாத்திரை அட்டைகளும் காய்ந்துபோன களிம்பும் இருக்கும். அதே வீட்டுச் சமையலறையில் சுக்கும் ஓமமும் மஞ்சளும் இருக்கும். அவற்றை மருந்தென்று நினைப்போர் இன்று குறைவு. இவ்விரு வகைப் பெட்டிகளும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் சந்தித்துக்கொண்ட வரலாற்றை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அநாதைப் பிள்ளைகளுக்கென ஓர் இல்லத்தை நிறுவினார். அதனோடு சேர்ந்து 1698இல் ஒரு மருந்தகமும் தோன்றியது. அங்கே பணியாற்றிய மருத்துவர் கிறிஸ்டியான் பிரீட்ரிக் ரிக்டர், மருத்துவர் இல்லாத ஊரிலும் சாதாரணக் குடும்பத்தார் தாமே பயன்படுத்தத்தக்க மருந்துகளைத் தயாரித்து, அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கியும் எழுதினார். இன்று நாம் முதலுதவிப் பெட்டி என்பதற்கு அதை ஒரு மூதாதை எனலாம். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, தங்கத்தைக் கொண்டு செய்ததாகச் சொல்லப்பட்ட ஓர் இனிய சாரம். மருந்து விற்ற பணம் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிகளுக்கும் உதவியது. 1742இல் பென்சில்வேனியா சென்ற முஹ்லென்பெர்க் போதகர் வழியாக ஹாலே மருந்துகள் அமெரிக்காவிலும் பரவின. தரங்கம்பாடிக்கும் கப்பலில் வந்தன.

1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினர். மூன்று ஆண்டுகள் கழித்து யோவான் எர்னஸ்ட் குருண்ட்லர் வந்து சேர்ந்தார். சீகன்பால்கின் பெயரை அறியாத திருச்சபையார் நம்மிடையே இல்லை. குருண்ட்லரை அறிந்தவர் மிகச் சிலரே. இது எனக்கு எப்போதும் சற்று வருத்தம் தரும் செய்தி. ஏனெனில், கையில் ஹாலே மருந்து இருந்தும், இந்த ஊர் மக்கள் நோயுற்றால் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது அவருக்கு. தமிழ் மருத்துவ ஓலைச்சுவடிகளைக் கொண்டு, 1711இல் 'மலபார் மருத்துவர்' என்ற பொருள்படும் தலைப்பில் ஜெர்மன் மொழியில் ஒரு நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரியர் என்றே அழைத்தனர். அந்தக் கையெழுத்துப்படி நெடுங்காலம் அச்சேறாமல் ஹாலே ஆவணக் காப்பகத்திலேயே தங்கிவிட்டது.

பிரியமானவர்களே, அவர் வந்திருந்தது போதிப்பதற்காக. ஆயினும் இந்த ஒரு காரியத்தில் மாணவனாக அமர்ந்தார். தமக்கு அந்நியமான சமயச் சூழலில் வளர்ந்த மருத்துவம் என்பதற்காக அதை அவர் ஒதுக்கவில்லை. மூலிகை என்றாலே முகம் சுளிக்கும் விசுவாசிகள் சிலர் இன்றும் உண்டு. எசேக்கியாவின் பிளவைக்கு ஏசாயா பூசச் சொன்னது அத்திப்பழ அடை. நல்ல சமாரியன் காயத்தில் வார்த்தது எண்ணெயும் திராட்சரசமும் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

ஆனால் எந்தப் பெட்டியும் சகலத்தையும் குணமாக்கவில்லை. சீகன்பால்க் 1719இலும், குருண்ட்லர் 1720இலும் மரித்தனர். இருவரும் தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம்பண்ணப்பட்டனர். 1730இல் ஹாலே அனுப்பிய மருத்துவர் ஷ்லேகெமில்க் வந்த ஆண்டிலேயே இறந்துபோனார். அவருக்குப் பின் 1732இல் வந்த சாமுவேல் பெஞ்சமின் க்னோல் என்ற மருத்துவர்தான் பல ஆண்டுகள் நிலைத்திருந்தார். பிற்பாடு லின்னேயஸின் மாணவரான கேனிக், மிஷன் மருத்துவராக வந்து நம் பகுதிச் செடிகளைத் திரட்டினார். 1776இல் வந்த ராட்லர் ஐயர், தமிழ் அகராதியோடு தாவர ஆராய்ச்சியையும் விட்டுச் சென்றார். ஹாலேயின் தங்கச் சாரத்தை இன்று கேட்பார் இல்லை. நம் சுக்கு இன்னும் கடையில் விற்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, பழையது அனைத்தும் நல்லது என்று உங்களை அனுப்பிவிட மாட்டேன். நம் வீடுகளில் உரைமருந்து என்று ஒன்று இருந்தது. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் உரைத்துக் குழந்தையின் நாவில் தடவுவார்கள். வசம்பைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவதும் உண்டு. அன்பினால் செய்யப்பட்ட வைத்தியமே அது. ஆனாலும் வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் தீங்கு செய்யக்கூடியது என இன்று அறிந்திருக்கிறோம். மருத்துவரைக் கேளாமல் பச்சிளங்குழந்தைக்கு அதைக் கொடுக்க வேண்டாம். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேனும் ஆகாது. கற்பூரமும் வேப்பெண்ணெயும் குழந்தையின் வாய்க்குள் போகவே கூடாது. அவற்றால் வலிப்பு வரலாம்.

ஆகவே பெட்டியை இப்படி அமைக்கலாம் என்பது என் எண்ணம். சுத்தமான கட்டுத்துணி, பஞ்சு, கத்தரிக்கோல், வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் முதலில் இருக்கட்டும். அவற்றின் பக்கத்தில் சுக்கும் ஓமமும் ஈரம் படாத சிறு புட்டிகளில், பெயரும் வைத்த தேதியும் எழுதி இருக்கட்டும். கற்பூரவள்ளியும் துளசியும் தொட்டியில் வளரட்டும். தீப்புண்ணுக்கு இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரே முதலுதவி. மஞ்சளோ பற்பசையோ பூசக் கூடாது. பாம்பு கடித்தால் எந்தப் பச்சிலையையும் தேடி நிற்காமல் 108ஐ அழையுங்கள். அந்த எண்ணை மூடியின் உட்புறம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. உரைமருந்து உரைத்த கை உங்கள் வீட்டில் இன்னும் இருக்குமானால், இவ்வாரமே அந்த அம்மாவின் அருகில் அமருங்கள். எந்த வேர், எவ்வளவு, எந்த நோவுக்கு, யாருக்குக் கொடுக்கலாகாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.