பாம் பாம் முதல் ஏர்பேக் வரை

இங்கிலாந்தில் 1865-இல் ஒரு சட்டம் போட்டார்கள். சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் செங்கொடி பிடித்து நடக்க வேண்டும். வண்டிக்கு ஹாரனே அந்த ஆள்தான்! 1896-இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. எச்சரிக்கும் வேலை வண்டியின் தலையில் விழுந்தது.

அதன்பின் கார்களில் ரப்பர் பந்து ஹாரன் பரவியது. நம் ஊர் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் 'பாம் பாம்' என்று ஒலித்ததே, அதேதான். நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல அதற்குள் ஒரு மெல்லிய உலோக நாக்கு. பந்தை அமுக்கினால் காற்று அதை அதிரவைக்கும். பழுது என்றால் ரப்பர் வெடித்திருக்கும், இல்லாவிட்டால் நாக்கில் தூசி அடைத்திருக்கும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் கண்டுபிடித்த 'கிளாக்ஸன்' 1908 வாக்கில் விற்பனைக்கு வந்தது. மோட்டார் சுழற்றும் பல் சக்கரம் ஒரு தகட்டின் நடுவில் உள்ள குமிழை உரசும், தகடு அலறும். காது கேட்கும் மின்கருவியை முன்பே செய்தவரும் இவர்தான். "காதைச் செவிடாக்கிவிட்டு கருவியும் விற்கிறார்" என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்களாம்.

பிறகு வந்ததுதான் இன்றும் நாம் பயன்படுத்துவது. மின்காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்ததும் பாயின்ட் விலகி மின்சாரம் துண்டிக்கும், தகடு திரும்பும், பாயின்ட் மீண்டும் சேரும். ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. ஹாரன் அதிக மின்சாரம் இழுப்பதால் ஸ்டீயரிங் பொத்தான் கருகாமல் இருக்க இடையில் ரிலே வைத்தார்கள். பொத்தான் ரிலேயை மட்டும் இயக்கும். ரிலே ஹாரனை இயக்கும்.

வசதி கூடக்கூட பழுது நம் கண்ணுக்கு மறைந்துகொண்டே போனது. ஆனாலும் தேடும் வரிசை எளியதுதான். ஹாரன் ஒலிக்கவில்லையா? முதலில் ஃபியூஸ். பிறகு, பொத்தானை அமுக்கும்போது ரிலே 'டிக்' என்கிறதா என்று கேளுங்கள். 'டிக்' கேட்டும் சத்தமில்லை என்றால், ஹாரன் முனையில் 12 வோல்ட் சோதனை விளக்கை வைத்து ஒருவரைப் பொத்தானை அமுக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது. கோளாறு ஹாரனிலோ எர்த்திலோ. துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல ஹாரன்கள் பிழைத்துவிடும். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றினால் ஒயரிங் தீப்பிடிக்கும்.

போன மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கார் நிறுத்தாமல் அலறியது. சாவியை எடுத்தும் நிற்கவில்லை. பல கார்களில் ஹாரனுக்குப் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் போகும். பக்கத்து வீட்டு நண்பர், அம்பாசிடர் காலத்து ஆள், ஸ்க்ரூ டிரைவருடன் ஸ்டீயரிங் நடுமூடியைக் கழற்றப் போனார். "சார், அதை மட்டும் தொடாதீங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கினோம். தெரு அமைதியானது. மறுநாள் எலெக்ட்ரீஷியன் பார்த்ததில், தண்ணீர் புகுந்து ரிலே ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்பாசிடரில் அந்த மூடிக்குப் பின்னால் ஒரு பொத்தானும் ஒயரும்தான். இன்றைய கார்களில் அங்கே ஏர்பேக் மடங்கிக் கிடக்கிறது. தவறிப்போய் வெடித்தால் முகத்துக்கே ஆபத்து.

ஆகவே நம் வயதுக்காரர்களுக்குச் சொல்வது: ஃபியூஸ், ரிலே, முன்பக்கத்து ஹாரன், எர்த் வரை நாமே பார்க்கலாம். ஒயரைத் தொடுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். அலறல் நிற்காவிட்டாலும் அதையே செய்யுங்கள். ஸ்டீயரிங்குக்குள் கோளாறு என்று தோன்றினால், கையை எடுத்துவிட்டுத் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.